அம்மாவின் கால் வீக்கத்துக்கு மருந்து கிடைத்துவிட்டது. பாதத்தில் நாடி இருக்கிறதா என்று யாராவது பார்த்தார்களா?

மலேசியாவின் கீழ்ப் பேராக்கில் உள்ள ஒரு தோட்டப் பட்டணத்திலிருந்து ஒரு மகள் எழுதியிருக்கிறார். கடிதம் நீளமானது. ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அம்மாவுக்கு 56 வயது. செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் வேலை. பல வருடமாக இனிப்பு நீர் (நீரிழிவு) உண்டு. எட்டு வாரத்துக்கு முன்பு, விடிகாலையில் மகனின் மோட்டாரில் வேலைக்குப் போகும்போது செம்மண் பாதையில் சறுக்கி விழுந்து, வலது கணுக்கால் இரண்டு பக்கமும் முறிந்துவிட்டது. அரசாங்க மருத்துவமனையில் பிளேட்டும் திருகாணியும் வைத்து அறுவை சிகிச்சை செய்து, மாவுக்கட்டு போட்டு அனுப்பினார்கள். மூன்றாவது வாரத்தில் கெண்டைக்கால் வீங்கி இறுகியது. பக்கத்து கிளினிக்கில் வலி மாத்திரை கொடுத்தார்கள். வீக்கம் குறையவில்லை. சின்னம்மா சுளுக்கு உருவுகிறவரை அழைத்து வந்தார்; முழங்காலிலிருந்து கட்டு வரைக்கும் இரண்டு நாள் எண்ணெய் போட்டு உருவினார்கள். ஐந்தாவது வாரம் பெரிய மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தபோது முழங்காலுக்குப் பின்னால் ஓடும் சிரையில் ரத்தக்கட்டி இருப்பது தெரிந்தது. முதலில் வயிற்றில் ஊசி, பிறகு ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை.

இப்போது வீக்கம் பாதி குறைந்திருக்கிறது. ஆனால் பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் வந்ததால் அம்மா பயந்து, மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போடுகிறார். மகள் மருந்துக்கடையில் இறுக்கமான காலுறை ஒரு ஜோடி வாங்கி வைத்திருக்கிறார். அவர் கேட்பது இவை: பிளேட் ரத்தக்குழாயில் பட்டதால்தான் கட்டி வந்ததா, அதை எடுத்துவிடலாமா? உருவியதால் வந்ததா? மருத்துவர்கள் தவறு செய்தார்களா, நஷ்ட ஈடு கேட்க முடியுமா? காலுறையை எப்போதிலிருந்து போடலாம்?

அன்புள்ள சகோதரி,

உங்கள் கேள்வி எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் நீங்கள் கேள்வியாகக் கேட்காமல், போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன மூன்று வரிகள்தான் என்னை நிறுத்தின. அதிலிருந்து தொடங்குகிறேன்.

ஒன்று, வெளிப்பக்கத் தையல் ஓரத்தில் இருபது சென் காசு அளவுக்குத் தோல் கறுத்திருக்கிறது, ஆறவில்லை. இரண்டு, "காலைத் தலையணை மேல் தூக்கி வைக்கச் சொன்னால் அம்மா கேட்பதே இல்லை. ராத்திரியில் கட்டிலுக்குக் கீழே தொங்கப் போட்டால்தான் தூங்குகிறார். இதற்காகத் தினமும் சண்டை." மூன்று, விபத்துக்கு முன்பே கோயிலுக்குப் போகிற மேட்டில் இரண்டு இடத்தில் நின்று கெண்டைக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டுதான் ஏறுவார், வயதாகிவிட்டது என்று நினைத்தோம் என்கிறீர்கள்.

இவை மூன்றும் சிரையில் கட்டிய ரத்தத்தோடு சேர்ந்தவை அல்ல. தமனி அடைப்பைத்தான் காட்டுகின்றன என்று சந்தேகப்படுகிறேன். இதயத்திலிருந்து காலுக்கு ரத்தத்தைக் கொண்டு வருவது தமனி. அதைத் திரும்ப மேலே கொண்டு போவது சிரை. உங்கள் அம்மாவுக்குச் சிரையில் கட்டி இருப்பதைக் கண்டுபிடித்து மருந்தும் கொடுத்துவிட்டார்கள், நல்லது. ஆனால் அவருடைய தமனியை யாராவது சோதித்தார்களா என்று உங்கள் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை. வீட்டுக்குள் தண்ணீர் வருகிற குழாய் அடைத்திருக்கும்போது, வெளியே போகிற கால்வாயை மட்டும் சுத்தம் செய்தால் போதாது.

நடந்தால் கெண்டைக்கால் இழுத்துப் பிடிப்பதும், நின்றால் இரண்டு நிமிடத்தில் விட்டுப்போவதும் தமனி அடைப்பின் பழைய, தெளிவான அடையாளம். அடைப்பு முற்றினால் படுத்திருக்கும்போதே பாதம் வலிக்கும். காலைத் தொங்கவிட்டால் புவியீர்ப்பில் கொஞ்சம் ரத்தம் கூடுதலாக இறங்கி வலி அடங்கும். அம்மா பிடிவாதம் பிடிக்கவில்லை. அவர் உடம்பு கேட்பதைத்தான் செய்கிறார். அந்தச் சண்டையை இன்றோடு விட்டுவிடுங்கள். மருத்துவர் பார்க்கும்வரை காலைத் தலையணை மேல் தூக்கி வைக்க வேண்டாம். வீக்கத்துக்குக் காலைத் தூக்கி வை என்பது சாதாரணமாகச் சரியான ஆலோசனைதான். தமனி அடைத்த காலுக்கு அது பொருந்தாது.

இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு முழங்காலுக்குக் கீழே உள்ள தமனிகள் மெல்ல மெல்ல அடைத்துக்கொண்டு வரும். பாதத்தில் உணர்ச்சியும் மங்கியிருப்பதால் வலி குறைவாகவே தெரியும். வலி பெரிதாக இல்லையே என்று ஆறுதல்பட வேண்டாம். முறிவும் அறுவையும் அந்த அடைப்பை உண்டாக்கவில்லை. அது முன்பே இருந்திருக்கும். தையல் ஆறுவதற்கு வழக்கத்தைவிட அதிக ரத்தம் தேவைப்படும், அது வராதபோது மறைந்திருந்த குறை வெளியே வருகிறது. மோட்டார் ஓட்டிய தம்பி இதையும் தன் தலையில் போட்டுக்கொண்டிருந்தால், இந்தப் பத்தியை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

காலுறையைப் பிரிக்காதீர்கள்

உங்கள் கடைசிக் கேள்விக்கு இதுதான் பதில், கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். இறுக்கமான காலுறை சிரைக்கு உதவலாம். தமனி மோசமாக அடைத்த காலில் போட்டால், வந்துகொண்டிருக்கும் கொஞ்ச ரத்தத்தையும் அது நெரித்துவிடும். தோல் செத்து, விரல் போன சம்பவங்கள் உண்டு. அதனால்தான் கணுக்காலின் ரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே காலுறை எழுதித் தர வேண்டும் என்பது விதி. மருந்துக்கடையில் யாரும் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். தவிர, ரத்தக்கட்டி வந்த எல்லோருக்கும் இரண்டு வருடம் காலுறை என்ற பழைய வழக்கமும் இப்போது தளர்ந்துவிட்டது. வீக்கமும் கனமும் தொந்தரவு செய்தால் மட்டும், அதுவும் தமனி நன்றாக இருந்தால் மட்டும் போடலாம்.

நாளைக்கே கேட்க வேண்டியது

அடுத்த அப்பாயின்மென்ட் மூன்று வாரம் கழித்து என்கிறீர்கள். அதுவரை காத்திருக்க வேண்டாம். கறுத்த தோலும் ராத்திரி வலியும் சேர்ந்திருந்தால் சில நாளுக்குள் பார்த்தாக வேண்டும். அறுவை செய்த மருத்துவமனைக்கே போய், இந்த மூன்று விஷயத்தையும் வரிசையாகச் சொல்லி, "பாதத்தில் நாடி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்று நேராகக் கேளுங்கள். இது மரியாதைக் குறைவான கேள்வி இல்லை.

நாடியை இரண்டு இடத்தில் தொட்டுப் பார்ப்பார்கள்: பாதத்தின் மேற்புறம், கட்டை விரலுக்கும் அடுத்த விரலுக்கும் நேர்மேலே, அப்புறம் உள்பக்கக் கணுக்கால் எலும்புக்குப் பின்னால். வீக்கம் இருந்தால் விரலுக்குத் தட்டுப்படாது, அப்போது பேனா அளவு டாப்ளர் கருவியை வைத்து ஓசையைக் கேட்பார்கள். சிலருக்குப் பாதத்தின் மேற்புற நாடி பிறவியிலேயே இருக்காது, அதனால் ஒரே இடத்தில் இல்லை என்றவுடன் பதற வேண்டாம். நல்ல காலையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பிறகு கணுக்கால், கை அழுத்த விகிதம் எடுப்பார்கள். 0.9க்குக் கீழே வந்தால் அடைப்பு உண்டு என்று அர்த்தம். இதில் இனிப்பு நீர்க்காரர்களுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. அவர்களுடைய தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து விறைத்துப்போவதால், அழுத்தப்பட்டை அதை நசுக்க முடியாமல், விகிதம் 1.3, 1.4 என்று காட்டும். பார்த்தவர்கள் "ஓ, நன்றாக இருக்கிறதே" என்று அனுப்பிவிடக்கூடும். அம்மாவுக்கு அப்படி வந்தால் கட்டை விரல் அழுத்தம் அல்லது தமனிக்கான டாப்ளர் ஸ்கேன் கேளுங்கள். முன்பு எடுத்த ஸ்கேன் சிரைக்கு எடுத்தது. ஸ்கேன் எடுத்தாகிவிட்டதே என்று யாராவது சொன்னால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

அடைப்பு உறுதியானால் ரத்தநாள நிபுணரிடம் அனுப்புவார்கள். எல்லா மாநில மருத்துவமனையிலும் அந்தப் பிரிவு இருக்காது, கோலாலம்பூர் வரை போக நேரலாம். பலூன் வைத்து அடைப்பை விரிப்பது, வேறு சிரையை எடுத்து மாற்றுப் பாதை போடுவது என்று வழிகள் உண்டு. காலை எடுத்துவிடுவார்கள் என்று பயந்துதான் பலர் போகாமல் இருக்கிறார்கள். தாமதமாகப் போகிறவர்களுக்குத்தான் பெரும்பாலும் அது நடக்கிறது. இன்னொன்று: அம்மா புகையிலை சேர்த்து வெற்றிலை போடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். சிகரெட் இல்லையே என்று விட வேண்டாம், நிக்கோட்டின் வாய் வழியாகப் போனாலும் தமனியைச் சுருக்கும். புகையிலையை நிறுத்தச் சொல்லுங்கள்.

வார்ஃபரின்: ஒருநாள் விட்டு ஒருநாள் கூடாது

முழங்காலுக்குப் பின்னால் உள்ள சிரையில் கட்டி என்றால் அது பிய்ந்து நுரையீரலுக்குப் போகும் வாய்ப்பு உண்மையிலேயே இருக்கிறது. வார்ஃபரின் கட்டியைக் கரைப்பதில்லை. அது வளராமல், பிய்யாமல் காக்கும். கரைக்கும் வேலையை உடம்பே பார்த்துக்கொள்ளும். முறிவு, அறுவை போன்ற தெளிவான காரணத்தால் வந்த கட்டிக்கு வழக்கமாகக் குறைந்தது மூன்று மாதம் மருந்து வேண்டும். உங்கள் கணக்குப்படி மூன்று வாரம்தான் ஆகியிருக்கிறது.

ஈறில் ரத்தம் வந்தால் செய்ய வேண்டியது, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐ.என்.ஆர். ரத்தப் பரிசோதனை. 2க்கும் 3க்கும் இடையில் இருக்க வேண்டும். மேலே போயிருந்தால் அளவைக் குறைப்பார்கள்; சரியாக இருந்தால் மென்மையான பிரஷ் மாற்றினாலே போதும். ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் எண் குறைவாக இருப்பதைப் பார்த்து அளவைக் கூட்டிவிடுவார்கள், பிறகு அம்மா ஒழுங்காகப் போட ஆரம்பித்ததும் ரத்தம் மிஞ்சி நீர்த்துவிடும். விட்டுப்போனதை ஈடுகட்ட இரண்டு மாத்திரை சேர்த்துப் போடவும் கூடாது.

கீரையை அடியோடு நிறுத்திவிட்டோம் என்கிறீர்கள். தேவையில்லை. முருங்கைக்கீரையோ கங்கூங்கோ, வாரத்துக்கு வாரம் ஏறத்தாழ ஒரே அளவில் சாப்பிட்டால் மருந்தின் அளவை அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம். ஒரு வாரம் ஒன்றுமில்லாமல், மறுவாரம் கட்டுக் கட்டாகச் சாப்பிடுவதுதான் தொல்லை. காயம் ஆற என்று இங்கே ஹருவான் மீன் சூப் வைத்துக் கொடுப்பார்களே, அது தாராளமாகக் கொடுங்கள், புரதம் நல்லது. ஆனால் ஜாமு என்ற மலாய் மூலிகை மருந்து வேண்டவே வேண்டாம். அதில் என்ன கலந்திருக்கிறது என்று விற்கிறவருக்கே தெரியாது. முதலில் கிளினிக்கில் கொடுத்த வலி மாத்திரை மிச்சம் இருந்தால் அதையும் தூக்கிப் போடுங்கள். டைக்ளோஃபினாக் வகை மாத்திரை வார்ஃபரினோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியலாம். வலிக்குப் பாராசிட்டமால், சொன்ன அளவுக்குள். தமனி அடைப்பு என்று தெரிந்தவுடன் நீங்களாக ஆஸ்பிரின் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஐ.என்.ஆர். பார்க்கத் தேவையில்லாத புதிய மாத்திரைகளும் உண்டு. சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் தருவார்கள், கேட்டுப் பாருங்கள்.

பிளேட், உருவுதல், பழி

கட்டி வந்ததற்குப் பிளேட் காரணமில்லை. முறிவில் சிரைச் சுவர் அடிபடும். மாவுக்கட்டுக்குள் கெண்டைக்கால் தசை அசையாததால் ரத்தம் தேங்கும். காயம் பட்ட உடம்பில் ரத்தம் உறையும் தன்மை கூடும். பிளேட் வைக்காமல் கட்டு மட்டும் போட்டவர்களுக்கும் கட்டி வருவதுண்டு. இப்போது பிளேட்டை எடுப்பதால் கட்டி கரையாது. ரத்தம் நீர்க்கும் மருந்து ஓடிக்கொண்டிருக்கும்போது, ஏற்கனவே ரத்தம் போதாத தோலை மறுபடி கிழிப்பது ஆபத்து. புண்ணில் சீழ் இறங்கி உலோகத்தைத் தொட்டால் மட்டும் கதை வேறு, அதை எலும்பு மருத்துவர் பார்ப்பார்.

உருவியதால் கட்டி வரவில்லை. உங்கள் கடிதத்தின்படியே வீக்கம் அதற்கு முன்பே வந்துவிட்டது. சின்னம்மாவைக் குறை சொல்ல வேண்டாம். ஆனால் அந்த இரண்டு நாளும் தப்பித்தோம் என்றுதான் சொல்வேன், அழுத்தி உருவும்போது கட்டி பிய்ந்து நுரையீரலில் போய் அடைக்கலாம். இனி இந்தக் காலில் எண்ணெய், ஒத்தடம், உருவல் எதுவும் கூடாது. உணர்ச்சி மங்கிய பாதத்தில் சுடுநீர் ஒத்தடம் கொடுத்துத் தோல் வெந்தவர்களும் இருக்கிறார்கள். அதேபோல், கணுக்கால் பக்கம் துடிக்கிற மாதிரி ஒரு வீக்கம் எழும்பினால் சீழ்க்கட்டி என்று நினைத்து யாரையும் கீறவிடாதீர்கள். முறிவிலோ திருகாணி போடும்போதோ தமனிச் சுவரில் சின்னக் காயம் பட்டிருந்தால், சில வாரம் கழித்து அது ரத்தப் பையாக உப்பலாம். அரிதுதான், ஆனால் கீறினால் ரத்தத்தை நிறுத்துவது கஷ்டம்.

சரி, மருத்துவர்கள் தவறு செய்தார்களா? அறுவைக்குப் பிறகு ரத்தம் உறையாமல் இருக்க ஊசி போடவில்லை என்று கோபப்படுகிறீர்கள். முழங்காலுக்குக் கீழே முறிந்த எல்லோருக்கும் அந்த ஊசி கட்டாயம் என்று உலக வழிகாட்டுதல்களே ஒரே குரலில் சொல்வதில்லை. முன்பு கட்டி வந்தவர், புற்றுநோய் உள்ளவர், மிகப் பருமனானவர் என்று ஆபத்தை எடைபோட்டுக் கொடுப்பார்கள். ஊசி போடாதது மட்டுமே அலட்சியம் ஆகிவிடாது. எனக்குக் குறையாகத் தெரிவது வேறு. மாவுக்கட்டோடு ஒருவர் ஒரு பக்கக் கெண்டைக்கால் வீங்கி வந்தால், ஸ்கேன் இல்லாத கிளினிக் அவரை அன்றைக்கே மருத்துவமனைக்கு அனுப்பியிருக்க வேண்டும். இனிப்பு நீர் உள்ளவருக்கு அறுவைக்கு முன்பு பாத நாடி பார்த்துக் குறிப்பு எழுதியிருக்க வேண்டும். எழுதினார்களா என்பது கோப்பைப் பார்த்தால்தான் தெரியும். மருத்துவ அறிக்கை கேட்பது உங்கள் உரிமை, கட்டணம் கட்டி விண்ணப்பிக்கலாம். நான் வழக்கறிஞன் இல்லை, ஆனால் ஒன்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: அரசாங்க மருத்துவமனை மீது வழக்கு என்றால் 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி 36 மாதத்துக்குள் தொடுக்க வேண்டும். அவகாசம் இருக்கிறது. முதலில் காலைப் பாருங்கள்.

கையில் வரக்கூடிய பணம் வேறு இடத்தில் இருக்கிறது, அதைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. வீட்டிலிருந்து வேலைக்கு நேராகப் போகும் வழியில் நடந்த விபத்து, தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் வேலை விபத்தாகவே சேரும். தோட்ட நிர்வாகம் 48 மணி நேரத்துக்குள் தெரிவித்திருக்க வேண்டும். இல்லையென்றால் நாளைக்கே தோட்ட அலுவலகக் கிராணியிடம் கேளுங்கள், அவர் இழுத்தடித்தால் நேராக சொக்சோ அலுவலகத்துக்குப் போங்கள். நான்கு நாளுக்குக் குறையாத எம்.சி. (மருத்துவ விடுப்பு) இருந்தால் தற்காலிக ஊன உதவியாகச் சராசரி நாள் கூலியில் 80 விழுக்காடு வரை கிடைக்கும். ரத்தக்கட்டி அந்த முறிவின் தொடர்ச்சி என்று அறிக்கையில் எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள். தமனி அடைப்பு முன்பே இருந்தது என்பதால் அதற்கும் கிடைக்கும் என்று நம்பிக்கை கொடுக்க மாட்டேன்.

எதற்கும் காத்திருக்கக் கூடாத நேரம்

திடீர் மூச்சுத் திணறல், மூச்சை இழுத்தால் நெஞ்சில் குத்தல், சளியில் ரத்தம், மயக்கம் — கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம். பாதம் திடீரென்று வெளுத்து, ஜில்லிட்டு, மரத்து, விரலை அசைக்க முடியாமல் போனால் தமனி முழுவதும் அடைத்துக்கொண்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு மணி நேரம் தாண்டினால் காலைக் காப்பாற்றுவது கஷ்டம். மருந்து போடும்போது மலம் கறுப்பாகப் போனாலோ, விழுந்து தலையில் அடிபட்டாலோ அதுவும் அவசரம்தான். கிளினிக் வேண்டாம், 999 அழையுங்கள். உங்கள் தோட்டத்துக்குள் ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றால் யாருடைய கார் எந்த நேரத்தில் கிடைக்கும் என்று இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கோலாலம்பூரில் வேலை செய்கிறீர்கள். வீட்டில் இருப்பது தம்பி. அவருக்குத்தான் இது தெரிந்திருக்க வேண்டும்.

மருத்துவமனைக்குப் போகும்போது ஐ.என்.ஆர். புத்தகம், எல்லா மருந்துப் பொட்டலங்களும் (வெறும் உறையாக இருந்தாலும்), ஸ்கேன் அறிக்கை, கடைசியாக எடுத்த மூன்று மாத சர்க்கரை அளவு எல்லாவற்றையும் கொண்டு போங்கள். கறுத்த இடத்தைத் தினமும் ஒரே தூரத்தில், ஒரே வெளிச்சத்தில் தம்பியைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். பெருகுகிறதா, நிற்கிறதா என்று மருத்துவருக்கு அதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. நாடி பார்த்த பிறகு என்ன சொன்னார்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.